அடுத்த வருசத்துக்கும் சேர்த்து

புஸ்பராணியின் வலது மணிக்கட்டில் ஓகஸ்ட் மாதம் ஒப்பரேசன் செய்தார்கள். அன்றிலிருந்து அவ தைக்க வேண்டியதையெல்லாம் மகள் ஜெனிற்றா தைத்தாள்.

இது வெளியில் ஒருவருக்கும் தெரியாது. ரூ பெர்தொனேத் தெருவில் சேலைக்கடை வைத்திருக்கும் இராஜதுரை, புஸ்பராணி அக்காவின் கைக்கு ஒரு மாதத்திலேயே சுகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிளவுஸ் துணிகள் ஒரு பையில் வீட்டுக்கு வரும். ஒவ்வொரு துணியோடும் அந்தப் பெண்ணுக்குப் பொருந்துகிற பழைய பிளவுஸ் ஒன்று, அளவுச் சட்டையாக ஊசி குத்தி வைக்கப்பட்டிருக்கும். சனிக்கிழமை, தைத்து முடித்தவை அதே பையில் திரும்பிப் போகும். கொண்டுபோவது அம்மா. கைக்குப் போட்டிருக்கிற பட்டியை லா ஷப்பல் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே நின்று கழற்றி, பைக்குள் ஒளித்துவிட்டு, சுகமான ஆள் மாதிரி நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவா. பதினெட்டு வருசமாக அந்தக் கடைக்குத் தைக்கிறவ. கை போய்விட்டது என்று தெரிந்தால் அந்தப் பதினெட்டு வருசத்தை ஒருவரும் நினைக்கப் போவதில்லை. தைப்பதற்கு இந்தப் பக்கத்தில் ஆளா இல்லை.

ஜெனிற்றாவுக்கு இருபத்தைந்து வயது. சென் தெனி பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படித்து மாஸ்டர் முடித்தவள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆள் அவள்தான். மிதித்ததால் கண்ட பலன், வீட்டுக்கு வருகிற பிரெஞ்சுக் கடிதமெல்லாம் வாசிக்கச் சொல்லி அவளுடைய கட்டிலில் வந்து விழும். பகலில் ஒரு அலுவலகத்தில் தற்காலிக வேலை, பழைய கோப்புகளை ஸ்கான் பண்ணுவது. பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் தையல் மெசின். கோப்பு ஸ்கான் பண்ணவும் கொக்கி வைத்துத் தைக்கவும் ஐந்து வருசம் படித்திருக்கத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். வேலையை விட, அது தெரிந்திருப்பதுதான் ஆளைக் களைக்க வைத்தது.

ஒக்தோபர் தொடக்கத்தில் தூரத்து ரென் நகரசபையிலிருந்து வேலை வந்தது. வீடமைப்புப் பிரிவில், அவள் படித்த வேலை. டிசம்பர் முதலாம் திகதி தொடங்க வேண்டும். அன்றைக்கே ஓம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இருக்க ஒரு அறையும் பிடித்துவிட்டாள். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

அடிப்பார்கள், கத்துவார்கள் என்ற பயமில்லை. இரண்டு வருசத்துக்கு முன் லியோனில் ஒரு வேலை வந்தபோது சொல்லிப் பார்த்தவள். அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்தார். அம்மா, "சரி பிள்ளை, உன்ரை விருப்பம்" என்றா. அதற்குப் பிறகு ஒன்பது நாள் அந்த வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. பத்தாம் நாள் ஜெனிற்றாவே லியோனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். இந்த முறையும் அப்படி ஒரு ஒன்பது நாள் வந்தால் தாங்குவாளா என்று அவளுக்கே தன்னில் சந்தேகம். நாளைக்குச் சொல்லுவம், சனிக்கிழமை சொல்லுவம் என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஹலோவீன் வந்தது.

கொண்டுவந்தது மச்சாள் யசோதா. அண்ணன் அலெக்சிசும் அவளும் இரண்டு பிள்ளைகளும் ஓல்னே-சூ-புவாவில் ஒரு அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில் இருக்கிறார்கள். ஒக்தோபர் முப்பத்தோராம் திகதி பின்னேரம் அந்தக் கட்டடத்துச் சனம் குடும்பம் குடும்பமாக வேசம் போட்டுக்கொண்டு கீழே முற்றத்தில் கூடுவது வழக்கமாகிவிட்டது. பிறகு பிள்ளைகள் கதவு கதவாகத் தட்டி இனிப்பு வாங்குவார்கள். போன வருசம் யசோதா கடையில் வாங்கிய வேசங்கள் லிப்ட்டுக்குள்ளேயே கிழிந்துபோயின. எதிர்வீட்டுக் குடும்பம் ஐந்து பேரும் தாய் தைத்ததைப் போட்டுக்கொண்டு நின்றார்களாம். யசோதாவுக்கு அது பொறுக்கவில்லை. வீட்டில் இரண்டு தையல்காரரை வைத்துக்கொண்டு நாங்கள் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு நிற்கிறோம் என்று தொலைபேசியில் மாமியிடம் முறையிட்டாள். இரண்டு தையல்காரரில் ஒருத்தருக்குக் கை ஏலாது. மற்றவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அம்மா ஓம் என்றுவிட்டா.

அப்பா மடுத்தீன்தான் ஏலாது என்று நின்றார். நவம்பர் முதலாம் திகதி சகல புனிதர்களின் திருநாள், அடுத்த நாள் இறந்தவர்களுக்கு. தாய் தகப்பனுக்குப் பூசைக்குக் கொடுத்துவிட்டு, திருநாளுக்கு முதல்நாள் பேரப்பிள்ளையை எலும்புக்கூடாகப் பார்க்கத் தன்னால் முடியாது என்றார். ஞாயிறு மதியச் சாப்பாட்டில் இந்தக் கதை முற்றி, கோழிக்கறி ஆறிப்போனது. கடைசியில் அலெக்சிஸ் ஒரு வழி சொன்னான். பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பில், பேய்க்குப் பதிலாகப் புனிதர் வேசம் போடச் சொல்லியிருக்கிறார்களாம். அப்பாவின் முகம் தெளிந்தது. யசோதாவின் முகம் இருண்டது. எட்டு வயது யூலியன், புனிதர்களில் இரத்தம் வருகிற ஆள் யாராவது உண்டா என்று பிரெஞ்சில் கேட்டான்.

அப்பா அதற்கு உண்மையான பதிலைச் சொல்லத் தொடங்கினார். இரத்தம் வராத புனிதரைத் தேடுவதுதான் கஷ்டம். செபஸ்தியாரின் உடம்பெல்லாம் அம்பு. லூசியாவின் கையில் ஒரு தட்டு, தட்டில் அவவுடைய இரண்டு கண்கள். இந்த ஊர்த் தெனி, தலையை வெட்டின பிறகு அந்தத் தலையைக் கையில் தூக்கிக்கொண்டு மொன்மார்த் குன்றிலிருந்து நடந்தவர். யூலியன் கரண்டியை வைத்துவிட்டான். தலை இல்லாமலா என்று கேட்டான். தலை இருந்தது, கையில் இருந்தது என்றார் அப்பா.

பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. யூலியன் தெனி. ஐந்து வயது ஆன்-சோஃபி லூசியா. அலெக்சிஸ் செபஸ்தியார். யசோதா ஆசைப்பட்டிருந்தது சூனியக்காரி, அதற்குக் கறுப்புத் துணியும் வாங்கி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் எலும்பைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, அப்ப நான் ஜான் தார்க் என்றாள்.

"அவவுக்கு ஏன் பிள்ளை கறுப்பு?" என்று கேட்டார் அப்பா.

"எரிச்சவையெல்லோ மாமா. சூனியக்காரி எண்டு சொல்லித்தானே எரிச்சவை."

மேசை முழுக்கச் சிரித்தது. ஜெனிற்றாவும் சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகுதான், இதையெல்லாம் தைக்கப் போகிறவள் தான் என்று நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து அப்பா சமையலறை வாசலில் நின்று, தனக்கு ஒன்றும் வேண்டாம், ஆனாலும் தைக்கிறதோடு தைக்கிறதாக அந்தோனியாரின் அங்கி ஒன்று தைக்கலாமோ என்று கேட்டார்.

பிளவுஸ் தைக்கிறவர்கள் ஆளை அளப்பதில்லை. ஆளுக்குப் பொருந்துகிற சட்டையைத்தான் அளப்பார்கள். நாடாவைக் கண்டால் மனிதர் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுப்பார்கள், சட்டை பொய் சொல்லாது என்பது அம்மாவின் கட்சி. அப்படியே யசோதாவிடமும் ஆளுக்கொரு சட்டை அனுப்பச் சொன்னா. குளிர் உடுப்புகளைப் போட்டுத் திரிகிற காலம், அதனால் யசோதா அலுமாரியில் சும்மா கிடந்த கோடைகால ரீ சேர்ட்டுகளை ஒரு பையில் போட்டு அனுப்பினாள். அம்மாவும் மகளும் அதை மேசையில் விரித்து அளந்தார்கள். அது கோடைச் சட்டை என்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

செபஸ்தியாருக்கு வெறும் மேல் வேண்டும். வெறும் மேலோடு குளிரில் நிற்க அலெக்சிஸ் வேதசாட்சி இல்லை. தோல் நிறத்தில் ஒரு சட்டை தைத்து, அதில் அம்புகளைக் குத்துவதாக ஏற்பாடு. பார்பெஸ் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் தோல் நிறம் என்று கேட்டார்கள். விற்கிறவள் வெளிர் ரோசாவை எடுத்துப் போட்டாள். யாருடைய தோல் என்று ஜெனிற்றா கேட்டாள். அம்மா அவளுடைய கோட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தா. வீட்டுக்கு வந்து, பிளவுஸ் உள்துணிகள் போட்டு வைக்கிற பெட்டியைக் கட்டிலில் கொட்டி, இடது கையால் கிளறி, வறுத்த கோப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்றைத் தூக்கி, "இதுதான் எங்கடை அலெக்ஸ்" என்றா. சரியாகத்தான் இருந்தது.

தெனிதான் உயிரை வாங்கினார். பிள்ளையின் தலைக்கு மேலே பொய்த் தோள் இரண்டு வேண்டும். அது விழாமல் நிற்க உள்ளே பஞ்சும் கம்பியும் வைக்க வேண்டும். நெஞ்சில் ஓட்டை விட்டு அதால் யூலியனின் முகம் தெரிய வேண்டும், அதைப் பொய்க் கைகள் ஏந்திப் பிடிக்க வேண்டும். சிவப்புத் துணியில் நாலு தரம் வெட்டி, நாலு தரம் பிரித்தாள். பகலெல்லாம் ஸ்கானர் வெளிச்சத்தைப் பார்த்த கண், ஊசிக் காதைப் பார்க்க மறுத்தது. அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து, கையைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு, அங்கை சுருக்கு, இஞ்சை விடு என்று சொல்லிக்கொண்டிருந்தா. சொல்லுகிறவ களைக்கவே இல்லை.

பக்கத் தையலில்தான் வந்தது பிரச்சினை. பிளவுஸ் தைக்கிறபோது பக்கங்களில் ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே மிச்சம் விட்டுத் தைப்பது அம்மாவின் வழக்கம். கலியாணத்துக்குத் தைத்ததை, தையலைப் பிரித்து விட்டு, முதற்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் போடக்கூடியதாக இருக்க வேண்டும். அம்மா தைத்த பிளவுசுகள் பெண்களோடு சேர்ந்து தாங்களும் பெருத்தன. இராஜதுரையின் கடைக்கு ஆட்கள் தேடி வந்ததே அதற்காகத்தான். அந்த வழக்கத்தை அம்மா தலையில்லாத தெனிக்கும் கொண்டுவந்தா. பிள்ளைகளின் உடுப்புக்கு இரண்டு அங்குலம் விடச் சொன்னா.

"ஒரு பின்னேரம் போடுறதம்மா" என்றாள் ஜெனிற்றா.

"ஏன் ஒரு பின்னேரம்? மூண்டு வருசத்துக்கு விட்டுத் தை. வருசா வருசம் நீ கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு விட்டியெண்டால் முடிஞ்சுது."

அம்மா அதைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னா. ஜெனிற்றாவின் காதில் நீ என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது. இருபத்தாறு வயதில் ஒரு முறை, இருபத்தேழு வயதில் ஒரு முறை, இருபத்தெட்டிலும். யூலியன் வளர வளர, இதே கதிரையில் இருந்து தெனியைப் பிரித்துக்கொண்டே இருப்பாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அம்மா பட்டி போட்ட கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, எது மடங்குது, எது மடங்கேல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தா. ஜெனிற்றா இரண்டு அங்குலம் விட்டுத் தைத்தாள்.

ஒக்தோபர் கடைசி ஞாயிறு அப்பாவும் அம்மாவும் பூசைக்குப் போனார்கள். தைக்க இருக்கிறது என்று சொல்லி அவள் நின்றுவிட்டாள். புனிதர்களின் உடுப்பு என்பதால் அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் எல்லாம் தைத்து முடிந்து கதிரைகளின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் யூலியனுடையதை எடுத்து உட்பக்கம் திருப்பினாள். பக்கங்களில், கைக்குழியில், எங்கு பார்த்தாலும் மிச்சத் துணி மடிந்து கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்து, தையலோடு ஒட்ட வெட்டிக்கொண்டே போனாள். அடுத்தது ஆன்-சோஃபியுடையது. அடுத்தது அலெக்சிசுடையது, அவன் இனி வளரப் போவதில்லை என்றாலும். நூல் பிரியாமல் விளிம்புகளுக்கு ஓவர்லொக் அடித்தாள். நிலத்தில் கிடந்த கீலங்களைக் கூட்டிக் குப்பைப் பையின் அடியில் அமுக்கினாள். வாயால் சொல்ல வேண்டியதைக் கத்தரிக்கோலால் செய்கிறோம் என்று அவளுக்கு விளங்காமல் இல்லை. ஆனால் வெட்டுகிறபோது நன்றாக இருந்தது. அந்த மாதத்தில் அவள் செய்த எதுவும் அவ்வளவு நன்றாக இருக்கவில்லை.

பூசை முடிந்து வந்த அம்மா கதிரைகளைப் பார்த்து, "வடிவாயிருக்குப் பிள்ளை" என்றா.

முப்பத்தோராம் திகதி வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு, கார் து நோர்ட் ஸ்டேசனில் ரயில் ஏறி மூன்று பேரும் ஓல்னேக்குப் போனார்கள். தெனியின் தோள்களை மடிக்க ஏலாததால் ஜெனிற்றா அதைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றாள். அப்பா மகன் வீட்டில் உடுப்பு மாற்றக் கூச்சப்பட்டு, அந்தோனியாரின் அங்கியை வீட்டிலேயே போட்டு, மேலே ஜக்கெற்றை இழுத்து மூடியிருந்தார். கீழே நிலம் வரைக்கும் பழுப்புத் துணி தொங்கியது. பெட்டிக்குள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கென்று காற்று, காற்றோடு தூறல். ஆன்-சோஃபிக்கு ஒரு கிழமையாக இருமல். நாலரை மணிக்கு யசோதா இரண்டு பிள்ளைகளையும் பிடித்து முதலில் மொத்தமான குளிர்க் கோட்டுகளுக்குள் திணித்தாள். கோட்டுக்கு மேலேதான் வேசம் என்றாள். போன வருசம் முழுக் கட்டடமும் அப்படித்தான் நின்றதாம், கோட்டுக்கு மேல் பேய், கோட்டுக்கு மேல் வௌவால். ஜெனிற்றா தெனியின் பக்கத் தையலைத் தடவிப் பார்த்தாள்.

லூசியாவின் வெள்ளைச் சட்டை கமக்கட்டோடு நின்றுவிட்டது. அதைக் கழற்றி உள்ளே போட்டு, கோட்டை மேலே மாட்டிவிட்டார்கள். கையில் கண் தட்டு இருந்தால் போதும் என்று அவளைச் சமாளித்தார்கள். தெனிக்கு அந்த வழியும் இல்லை. தலைக்கு மேலே தோள் நிற்கிற உடுப்புக்கு மேல் எந்தக் கோட்டும் போகாது. கோட்டுக்கு மேலே அந்த உடுப்பை இழுத்தார்கள். பாதியில் இறுகியது. யூலியன் இரண்டு கையும் மேலே தூக்கினபடி, சிவப்புத் துணிக்குள் நின்று, தனக்கு மூச்சு முட்டுகிறது என்று பிரெஞ்சில் சொன்னான். பிறகு அழத் தொடங்கினான்.

"அழாதை ராசா. உள்ளுக்கை இரண்டு அங்குலம் துணி கிடக்கு, அப்பம்மா இப்ப பிரிச்சு விடுறன்" என்று சொல்லி அம்மா அதைக் கழற்றி வாங்கினா. கைப்பையிலிருந்து தையல் பிரிக்கிற பிளேட்டை எடுத்து, சோபாவில் இருந்து, உடுப்பை மடியில் போட்டு உட்பக்கம் திருப்பினா. இடது கை விரல் தையல் வழியாக மேலிருந்து கீழே போனது. மற்றப் பக்கமும் போனது. திரும்ப முதற் பக்கத்துக்கு வந்தது.

"ஜெனி, எங்கை துணி?"

"வெட்டிப்போட்டன்."

"ஏன்?"

மொத்தமாகத் துருத்திக்கொண்டு நின்றது, அழகில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அதற்குப் பின்னால் இன்னொன்று சொல்ல வேண்டும், இந்த ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு ஒன்று. அவளுக்கு அலுத்துப்போனது.

"அடுத்த வருசம் பிரிச்சு விட நான் இஞ்சை இருக்கமாட்டன் அம்மா. ரென்னிலை வேலை கிடைச்சிருக்கு. டிசம்பர் முதலாம் திகதி போறன். கையெழுத்துப் போட்டாச்சு."

யூலியன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்ப நான் தெனியா இல்லையா என்று கேட்டான்.

அலெக்சிஸ் குளியலறையிலிருந்து வந்தான். நெஞ்சில் மூன்று அம்பு, விலாவில் இரண்டு. "எங்களிலை உள்ள கோவத்தைச் சின்னப்பிள்ளையின்ரை உடுப்பிலையே காட்டினனி?" என்று கேட்டான்.

"ஓம்" என்றாள். அது உண்மை, அதற்கு வேறு பதில் இல்லை.

"அம்மாவின்ரை கை இப்பிடிக் கிடக்கேக்கை? கடை வேலையை ஆர் பாக்கிறது? வாற கடிதமெல்லாம் ஆர் பாக்கிறது?"

"நீ பார். நீயும் இஞ்சைதானே பள்ளிக்கூடம் போனனி. உனக்கும் வாசிக்கத் தெரியும்."

"எனக்கு வேலை இருக்கு, பிள்ளையள் இருக்கு."

"எனக்கும் வேலை இருக்கு. அதைத்தான் இப்ப சொன்னனான்."

யசோதா இடையில் வந்து, பிள்ளைகளுக்கு முன்னால் வேண்டாம் என்றாள். அப்பா கதிரையில் இருந்தார். மடியில், அந்தோனியார் ஏந்துகிற குழந்தை இயேசுவுக்குப் பதிலாக ஆன்-சோஃபியின் பொம்மை. அவர் நிலத்தைப் பார்த்தார். ஜெனிற்றா அதைக் கண்டாள். லியோனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அடுத்தது அம்மாவின் முறை, சரி பிள்ளை உன்ரை விருப்பம் என்று வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அதைச் சொல்லவில்லை. ஏதாவது பழைய துணி இருக்கிறதா என்று யசோதாவைக் கேட்டா. இரண்டு பக்கமும் பிரித்து நடுவில் துண்டு வைத்தால் பிள்ளையின் கை கீழே இறங்கும். யசோதா அலுமாரியைக் கிண்டினாள். படுக்கை விரிப்பும் துவாயும்தான் வந்தன. அப்போது அப்பா எழும்பி, தன் அங்கியின் கீழ் விளிம்பைத் தூக்கிக் காட்டி, நிலம் கூட்டுற நீளம், இதில் வெட்டுங்கோ என்றார். ஜெனிற்றா முழந்தாளில் இருந்து அப்பாவின் காலைச் சுற்றி வெட்டினாள். அவருடைய கறுப்புச் சப்பாத்தும் வெள்ளைக் காலுறையும் வெளியே வந்தன. அந்த வீட்டில் மெசின் இல்லை. அவள் ஒரு பக்கம் கையால் தைத்தாள். மற்றப் பக்கத்தை அம்மா இடது கையால் இழுத்துப் பிடித்துக் கொடுக்க, அதையும் அவளே தைத்தாள். சிவப்பில் பழுப்பு ஒட்டு. தையல் பெரிது பெரிதாக விழுந்தது. இராஜதுரையின் கடைக்கு இப்படி ஒன்று போனால் அடுத்த நிமிடம் திரும்பி வரும். இருபது நிமிடத்தில் தெனி கோட்டுக்கு மேலே இறங்கினார். தலை நெஞ்சுக்கு வந்தது. யூலியன் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, பயந்து, பிறகு சிரித்தான்.

எல்லோரும் கீழே போனார்கள். கை நோகுது, குளிருக்கு ஏலாது என்று அம்மா நின்றுவிட்டா. ஜெனிற்றா வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முதலாம் திகதி திங்கக்கிழமையோ?" என்று கேட்டா அம்மா.

"ஓம்."

"கடைப் பையிலை பிரியதர்சினியின்ரை கலியாண பிளவுஸ் ஆறு கிடக்கு. டிசம்பர் நடுவிலை குடுக்கோணும்."

"ஞாயிறிலை வந்து தைச்சுத் தாறன்."

அம்மா தன்னுடைய தொலைபேசியை எடுத்து மகளிடம் நீட்டினா.

"இராஜதுரைத் தம்பிக்கு எடு."

"இப்பவோ?"

"இப்ப எடு. வீட்டை போனால் எனக்கு மனம் மாறும்."

ஜெனிற்றா எடுத்துக் கொடுத்தாள். கடையில் ஆட்கள் நின்ற சத்தம் கேட்டது. அம்மா நேராக இருந்து, சேலைத் தலைப்பு இல்லாத தோளை ஒரு முறை தடவிவிட்டுப் பேசினா. "தம்பி, நான் புஸ்பராணி. ஓகஸ்ட்டிலையிருந்து நான் கொண்டந்து தந்த பிளவுசொண்டும் நான் தைச்சதில்லை. என்ரை கை சரிவரேல்லை. மகள் தைச்சது. அவ இப்ப வேலைக்குத் தூர இடம் போறா."

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஜெனிற்றாவுக்கும் மெல்லிசாகக் கேட்டது. முந்தியே சொல்லியிருக்கலாமே அக்கா என்றார். கலியாணச் சீசன், வேறு ஆளைத்தான் பிடிக்க வேண்டும் என்றார். துணிகளைத் திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்து தரச் சொன்னார். சுகம் வந்தால் வந்து பாருங்கோ என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா ஓம், விளங்குது தம்பி என்று மூன்று தரம் சொல்லிவிட்டு வைத்தா.

மூன்று மாதமாக ஜெனிற்றா எதை மறைப்பதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தாளோ, அது ஒரு நிமிடத்தில் போய்விட்டது. கோபப்பட ஆள் தேடினாள். ஒருவரும் அகப்படவில்லை.

"ஏனம்மா? நான் நத்தார் வரைக்கும் வந்து தைச்சுத் தந்திருப்பன்."

"தந்திருப்பாய். நத்தார் முடிய பெரிய வெள்ளி வரைக்கும் வந்திருப்பாய். அதுதான் எடுத்தனான்."

கீழே முற்றத்திலிருந்து பிள்ளைகள் கூவுகிற சத்தம் ஏழு மாடியும் ஏறி வந்தது.

"லியோன் நேரம் நான் உன்னைப் போக வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றா அம்மா.

"ஓம். ஒண்டும் சொல்லேல்லை. ஒன்பது நாள் ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் நான் போகேல்லை."

அம்மா விரல்களைப் பார்த்தா. "எனக்கு அப்ப என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை" என்றா. "இப்பவும் தெரியாது. அதுதான் இராஜதுரைத் தம்பிக்குச் சொன்னன்."

ஜெனிற்றா சோபாவின் மற்ற முனையில் சாய்ந்து கண்ணை மூடினாள். நித்திரை வரவில்லை. காலும் கையும் கழன்று கிடந்தன.

ஆறரைக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். பிள்ளைகளின் வாயெல்லாம் சீனி. கீழே எல்லோரும் யூலியனைத் தலையில்லாத பேய் என்றுதான் சொன்னார்களாம். அப்பா ஒவ்வொருவருக்கும் நின்று, பேயில்லை மெசியே, சென் தெனி என்று விளங்கப்படுத்தினாராம். யசோதா சொல்லிச் சிரித்தாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. அவர் ஜெனிற்றாவைப் பார்க்கவில்லை. ஆனால் தனக்குக் கிடைத்த இனிப்புகளில் இரண்டை அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தா. புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, ஜெனிற்றாவிடம் வாசிக்கக் கொடுப்பதற்காக மடித்து வைத்திருந்தது. ஜெனிற்றா பழக்கத்தில் கையை நீட்டினாள். அம்மா அவளைத் தாண்டிப் போய் அலெக்சிசின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, ஆன்-சோஃபியின் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தா.

அவன் அம்புகளோடு நின்றபடி வாசித்தான். டிசம்பர் ஒன்பதாம் திகதி காலை எட்டரைக்கு டொக்டர் கையைப் பார்க்க வேண்டுமாம், கூட ஒரு ஆள் வர வேண்டுமாம்.

"அண்டைக்கு எனக்கு வேலை" என்றான்.

அவன் தங்கச்சியைப் பார்த்தான். அவள் இனிப்புக் கடதாசியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கடிதத்தைத் திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசித்தான். பிறகு தொலைபேசியை எடுத்து, ஒருநாள் லீவு கேட்டு முதலாளிக்கு என்னவென்று எழுதுவது என்று யசோதாவிடம் கேட்டான்.